படி, பண்ணயம், பாக்கி: ஆளைக் கட்டிப்போட நம்ம ஊர் வெச்ச பேருங்க

(எபிசோட் 37-இன் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்சவரை அப்படியே விட்டிருக்கேன். இருமல், "ம்ம்", நடுவுல வந்த குக்கர் விசில் இதையெல்லாம் மட்டும் எடுத்தாச்சு.)



போன வாரம் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணினான். பெங்களூர்ல ஐடி வேலை. "என்னடா பண்ற?"னு கேட்டேன். "ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சு மாப்ள, மூணு வாரமா பெஞ்சுல வெட்டியா இருக்கேன்"னான். சரி, வேற கம்பெனி பாருடான்னா, "எங்க போறது, ரெண்டு வருஷ பாண்ட். கொத்தடிமைப் பொழப்புடா"ன்னு சிரிச்சான்.

நானும் சிரிச்சேன். போனை வெச்சப்புறம்தான் உறைச்சது. ஒரே நிமிஷத்துல ரெண்டு தடவை கட்டாய உழைப்பைப் பத்தி அவன் பேசியிருக்கான். "கொத்தடிமை"ன்னு சொன்னது தெரிஞ்சே சொன்னது. "வெட்டி"ன்னு சொன்னது தெரியாம சொன்னது.

இன்னைக்கு எபிசோட் இந்த மாதிரி சொற்களைப் பத்தி. சேலம், நாமக்கல் பக்கம் ஒரு ஆளை இன்னொரு ஆள்கிட்ட கட்டிப்போட என்னென்ன பேர் இருந்துச்சு, அந்தப் பேரெல்லாம் எங்க போச்சு, இப்ப என்ன பேர்ல நடக்குது. கடைசியில எங்க வீட்டு நோட்டு ஒண்ணு வரும். அதைச் சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு மாசமா யோசிச்சேன். சொல்லிடறேன்.

வெட்டி ஆபீசரின் பூர்வீகம்

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிப்பெயர்கள் ஏராளமா வரும். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு மாதிரி ஆய்வாளர்கள் 1970கள்லயே கம்ப்யூட்டர் உதவியோட கல்வெட்டுப் பெயர்களைத் தொகுத்தவங்க. (பஞ்ச் கார்டு காலத்துல! நாம எக்செல் ஹேங் ஆகுதுன்னு அழறோம்.) அந்த வரிப்பெயர்கள்ல அடிக்கடி வர்ற ஒண்ணு "வெட்டி". இது காசாவோ நெல்லாவோ கட்டுற வரி இல்லை, உடம்பால கட்டுறது. ஏரிக்கரை உடைஞ்சா மண் சுமக்கணும், வாய்க்கால் தூர் வாரணும், அதிகாரி வந்தா மூட்டை தூக்கணும். கூலி கிடையாது.

இந்தச் சொல் சமஸ்கிருத "விஷ்டி"யோட தொடர்புள்ளதுன்னு பொதுவா சொல்வாங்க. விஷ்டி எவ்வளவு பழசுன்னா, குஜராத்துல கிர்நார் மலையடிவாரப் பாறையில ருத்ரதாமன்ங்கிற அரசர் கி.பி. 150 வாக்கில் ஒரு கல்வெட்டு வெட்டி வெச்சிருக்கார். சுதர்சன ஏரியின் அணை உடைஞ்சுது, அதை நான் என் கஜானாவிலிருந்து கட்டினேன், மக்கள் மேல வரியும் போடலை, விஷ்டியும் வாங்கலைன்னு பெருமையா சொல்லிக்கிறார். ஒரு ராஜா அதைச் செய்யலைன்னு கல்லுல எழுதற அளவுக்கு, செய்யறது சாதாரணமா இருந்திருக்கு.

கூலியில்லாம செய்யற வேலை, அப்புறம் பலனில்லாத வேலை, அப்புறம் பலனில்லாத எதுவும், கடைசியில சும்மா இருக்கிறது. வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு, வெட்டிப் பய, வெட்டி ஆபீசர். முதுகொடியக் கூலியில்லாம உழைச்சவனுக்கு இருந்த பேர், ஒண்ணுமே செய்யாதவனுக்குப் போய்ச் சேர்ந்திருச்சு. தெலுங்குல இப்படி ஆகலை. அங்க "வெட்டி சாகிரி"ன்னா இன்னைக்கும் தெலங்கானா விவசாயிகள் 1946-லிருந்து 1951 வரைக்கும் எதிர்த்துப் போராடின அதே கட்டாய உழைப்புதான். நம்ம தமிழ்ல மட்டும் அது மீம் டெம்ப்ளேட்.

சட்டமே பட்டியல் போட்டது

இந்தியாவில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் எமர்ஜென்சி காலத்துல வந்தது. 1975 அக்டோபர்ல அவசரச் சட்டம், 1976-ல நாடாளுமன்றச் சட்டம். நான் வக்கீல் இல்லை. ஆனா சட்டத்தை ஒரு தடவை உட்கார்ந்து படிச்சேன். ரெண்டாவது பிரிவுல, சொல் விளக்கம் வர்ற இடத்துல, ஒரு பட்டியல் இருக்கு. இந்தியா முழுக்க இருந்த கட்டாய உழைப்பு முறைகளின் பேர்கள், மொத்தம் 30. இந்தப் பேர்ல ஒரு உறவு இருந்தாலே கடன் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் நடுவுல ஒரு ஒப்பந்தம் இருக்கிறதா எடுத்துக்கலாம், எழுத்துல இல்லாட்டியும் சரி, அப்படின்னு சொல்றதுக்காக அந்தப் பட்டியல்.

பாராமாசியா, ஹர்வாய், கமியா, ஜீதா, பாலேரு... இப்படியே போகுது. நடுவுல திடீர்னு நம்ம வீட்டுச் சொற்கள். படியாள். பண்ணையாள். கடைசிப் பேர், வெட்டி. டெல்லியில அச்சடிச்ச ஒரு ஆங்கிலச் சட்டத்துல எங்க அம்மாயி பேசற சொல்லைப் பார்த்தப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பெருமையா இல்லை.

அந்த "ஜீதா" கன்னடச் சொல். பெங்களூர்ல என் டீம்ல ஒரு மண்டியாக்காரர்கிட்ட கேட்டேன். சம்பளம்னுதான் அதுக்கு அடிப்படை அர்த்தம், ஆனா இன்னைக்கு யாரும் தன் சம்பளத்தை அப்படிச் சொல்ல மாட்டாங்க, அது அடிமை வேலைக்கான பேர் ஆயிருச்சுன்னார். நம்ம "கூலி"யும் அப்படித்தானே? உழைச்சதுக்குக் கிடைக்கிற காசு. கடல் தாண்டிப் போய் மனுஷனையே குறிக்கிற வசைச்சொல் ஆகி வந்துச்சு.

படியாளும் இப்படித்தான். படின்னா அளக்கிற படி. தானியத்தைப் படியால் அளந்து வாங்கிக்கிற ஆள். சேலம், நாமக்கல்ல காவிரி வாய்க்கால் பாயற பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் நெல்லும் கரும்பும் வாழையும். மேல வந்தா, ராசிபுரம், திருச்செங்கோடு, எல்லாம் மானாவாரி மேடு. கம்பு, சோளம், ராகி. அதனால படியில விழுந்தது பெரும்பாலும் கம்பும் சோளமும்தான். "எனக்குப் படியளக்கிறவரு"ன்னு முதலாளியைச் சொல்றது, "படியளக்கிற பெருமாள்"னு சாமியைச் சொல்றது, ரெண்டுக்கும் ஒரே வினைச்சொல். அளக்கிறவன் கையிலதான் எல்லாம்.

அந்தப் படி செத்துப்போகலை. பயணப்படி, பஞ்சப்படி, அகவிலைப்படி. அரசு ஊழியர் சம்பளப் பட்டியல்ல உட்கார்ந்திருக்கு. எங்க சித்தப்பா வாத்தியார். அகவிலைப்படி உயர்வு அறிவிப்பு வந்தா ஸ்டேட்டஸ் போடுவார். படியாள்னு சொன்னா சண்டைக்கு வந்துடுவார்.

பண்ணயம்

கொங்குப் பக்கம் "பண்ணயம்"னா விவசாயமேதான். "பண்ணயம் எப்படி போகுதுங்க?"ன்னா வெள்ளாமை எப்படின்னு அர்த்தம். பண்ணயத்துக்குச் சொந்தக்காரர் பண்ணாடி. பண்ணயத்துல கட்டுப்பட்டு வேலை செய்யறவர் பண்ணயத்தாளு. நம்ம பகுதியில அது பெரும்பாலும் அருந்ததியர் குடும்பங்கள். வருஷக் கணக்கு. முதல்ல ஒரு தொகை கொடுத்திருப்பாங்க. கல்யாணத்துக்கோ, சாவுக்கோ, வைத்தியத்துக்கோ. அது கழியற வரைக்கும் வேலை. கழியவே கழியாது. பையன் அஞ்சாறு வயசுல ஆடு மேய்க்க வருவான். அதுக்கு "பண்ணயத்துக்கு விடறது"ன்னு பேர். மாட்டைச் சந்தைக்கு விடறோம், நெலத்தை வாரத்துக்கு விடறோம், பையனைப் பண்ணயத்துக்கு விடறோம்.

பெருமாள்முருகனின் "கூளமாதாரி" நாவல் இப்படிப் பண்ணயத்துல விடப்பட்ட ஒரு ஆடு மேய்க்கிற பையனைப் பத்தினது. திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டுக்காடுதான் களம். அவரே "கொங்கு வட்டாரச் சொல்லகராதி"யும் தொகுத்திருக்கார். எங்க ஊர்க்காரங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கணும். அகராதியில சாதாரணமா நிக்கிற சொல், நாவல்ல வேற எடை காட்டும்.

அம்மாயிகிட்ட கேட்டேன், அப்புச்சி காலத்துல நம்ம பண்ணயத்துல எத்தனை ஆளுன்னு. "ரெண்டு குடும்பம் இருந்துச்சு சாமி. நம்மூட்டுப் புள்ளைங்க மாதிரிதான் இருந்தாங்க"ன்னாங்க. எங்க சாப்பிடுவாங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்தக் காலம் அப்படி"ன்னாங்க.

பண்ணையாளுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் 1952-லயே வந்துச்சு. தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். பேர்லயே இருக்கு பாருங்க, தஞ்சாவூர். அங்க விவசாயத் தொழிலாளர் இயக்கம் பலமா இருந்துச்சு, பதற்றம் இருந்துச்சு, அதனால அந்த மாவட்டத்துக்கு மட்டும். அப்ப முதலமைச்சர் ராஜாஜி. சேலத்துல வக்கீலா இருந்து, சேலம் நகராட்சித் தலைவராவும் இருந்தவர். சேலத்துப் பண்ணயத்தாளுக்கு அந்தச் சட்டத்துல இடமில்லை. கேட்டுச் சத்தம் போட்ட ஊருக்குக் கிடைச்சது.

அடிமை போச்சு, அட்வான்ஸ் வந்துச்சு

கொஞ்சம் பின்னாடி போகலாம். 1792-ல திப்பு சுல்தான்கிட்டயிருந்து சேலமும் பாரமகாலும் கம்பெனி கைக்கு வந்துச்சு. அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழ தாமஸ் மன்றோ. பள்ளிக்கூடத்துல படிச்ச ரயத்துவாரி முறை இங்கதான் உருவாச்சு. ஒவ்வொரு விவசாயியையும் தனித்தனியா கணக்குல ஏத்தி வரி போடறது. புத்தகத்துல புரட்சி மாதிரி எழுதியிருப்பாங்க. ஆனா டேட்டாபேஸ் டிசைன் பண்றவனா பாருங்க: நிலத்துக்கு ஒரு வரிசை, அதுக்குப் பட்டாதாரர் பேர். அந்த நிலத்துல மண்வெட்டி பிடிச்சவனுக்குக் காலமே இல்லை. காலம்னா கட்டம். அவன் பேர் எந்தக் கட்டத்துலயும் ஏறலை.

1843-ல கம்பெனி அரசு அடிமை முறைக்கான சட்டம் ஒண்ணு போட்டுச்சு. அது யாரையும் விடுவிக்கலை. "இவன் என் அடிமை"ன்னு சொல்லி நீதிமன்றத்துல உரிமை கேட்க முடியாது, அவ்வளவுதான். அடிமையை வாங்கறதும் விக்கறதும் தண்டனைக்குரிய குற்றமா ஆனது இந்திய தண்டனைச் சட்டம் 1862-ல அமலுக்கு வந்தப்புறம்.

இந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல ரெண்டு சட்டம் வந்ததை யாரும் பேசறதில்லை. 1858-ல மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரை, வாய்க்கால் உடைஞ்சா ஊர்க்காரங்களைச் சட்டப்படி வேலைக்கு இழுக்கலாம். குடிமராமத்து இதுக்குள்ளதான் வருது. (2017-ல தமிழக அரசு அதே பேர்ல திட்டம் போட்டப்ப எல்லாரும் பாரம்பரியம்னு கைதட்டினோம்.) அடுத்தது 1859-இன் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கிட்டு வேலையைச் செய்யலைன்னா அது வெறும் கடன் பிரச்சினை இல்லை, மாஜிஸ்திரேட் தண்டனை கொடுக்கலாம். ஜெயில் வரைக்கும். 1925-ல தான் இதை ரத்து பண்ணினாங்க.

ஆக, ஆளை ஆளுக்குச் சொந்தம்னு சொல்றதைச் சட்டம் கைவிட்ட அதே ஆண்டுகள்ல, முன்பணத்துக்குப் போலீஸ் துணை கிடைச்சுது.

கடனால கட்டறது நமக்குப் புதுசும் இல்லை. பெரியபுராணத்துல சுந்தரர் கல்யாணத்தை ஒரு கிழவர் வந்து நிறுத்துவார், ஞாபகம் இருக்கா? உன் பாட்டன் எனக்கு ஆளோலை எழுதிக் கொடுத்திருக்கான், அவனும் அவன் வழி வர்றவங்களும் எனக்கு அடிமைன்னு. திருவெண்ணெய்நல்லூர் சபையில மூல ஓலையைக் காட்டி கேஸ் ஜெயிக்கிறார். வந்தது சிவபெருமான், அதனால நமக்குக் கண்ணீர் வரும். ஆனா கேட்டவங்களுக்கு விசித்திரமாப் பட்டது ஒரு அந்தணர் இன்னொரு அந்தணருக்கு அடிமையாகறதுதான், ஓலை எழுதி ஆளைக் கட்டறது இல்லைங்கிறதுதான் விஷயம். பாட்டன் கையெழுத்து பேரனைக் கட்டும். 1976 சட்டம் "வாரிசு முறையில் வந்த கடமை"ன்னு தனியா ஒரு வரி எழுதி இதை ரத்து பண்ண வேண்டியிருந்துச்சு.

துண்டு

1876-ல தாது வருஷப் பஞ்சம். சேலம் மாவட்டம் மோசமா அடிவாங்கின மாவட்டங்கள்ல ஒண்ணு. 1871 கணக்கெடுப்புல கிட்டத்தட்ட 20 லட்சம் இருந்த மாவட்ட மக்கள் தொகை, 1881-ல சுமார் 16 லட்சம். செத்தவங்க போக, போனவங்களும் உண்டு. பஞ்சத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் ஆள் போய்க்கிட்டே இருந்தாங்க. கூட்டிட்டுப் போனவர் கங்காணி. ஊர்க்காரர், சொந்தக்காரர். வழிச்செலவுக்கு அவர் கொடுத்த முன்பணத்தோடதான் கணக்கு ஆரம்பிக்கும்.

இலங்கையில "துண்டு"ன்னு ஒரு முறை இருந்துச்சு. தொழிலாளி வேற தோட்டத்துக்குப் போகணும்னா, பழைய துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். இந்த ஆளுங்களுக்கு இவ்வளவு கடன் பாக்கி, இதைக் கட்டறவர் கூட்டிட்டுப் போகலாம்னு. புதுத் தோட்டம் பணத்தைக் கட்டும். கடன் தீராது, கை மாறும். கூடவே ஆளும். ஆங்கிலப் பதிவுகள்லயும் அதை "துண்டு"ன்னே எழுதியிருக்காங்க, தமிழ்ச் சொல்லையே. 1921-ல சட்டம் போட்டு ஒழிச்சாங்க.

அதே 1921 ஜனவரியில, பிராக் நகரத்துல கரேல் சாப்பெக்கின் ஒரு நாடகம் மேடையேறுச்சு. "ரோபோ"ங்கிற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த நாடகம். செக் மொழியில "ரோபோத்தா"ன்னா பண்ணையடிமை தன் பிரபுவோட நிலத்துல கூலியில்லாம செய்ய வேண்டிய வேலை. அப்படியே நம்ம வெட்டி. நான் பொழுதன்னிக்கும் கட்டி அழற "சர்வர்" கூட, அடிமைன்னு அர்த்தம் வர்ற லத்தீன் "செர்வுஸ்" வழியில வந்ததுதான். ஆங்கிலத்துல பண்ணையடிமையைச் சொல்ற "செர்ஃப்"பும் அதே வேர். 2020-ல எங்க துறையில "மாஸ்டர்", "ஸ்லேவ்"ங்கிற பேர்களை மாத்தினாங்க. நானும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கோடுல மாத்தினேன். நல்ல காரியம்தான். சர்வர் வேலை செய்யற விதத்துல ஒரு மாற்றமும் இல்லை.

பாக்கி

இப்ப வீட்டுக் கதை. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல எங்க அப்பா எட்டு விசைத்தறி வெச்சிருந்தார். எனக்கு எட்டாவது படிக்கும்போது கையெழுத்து நல்லா இருக்குன்னு கணக்கு நோட்டை எழுதச் சொல்வார். சனிக்கிழமை கூலி நாள். நீளமான நோட்டு. பேரு, மீட்டர், கூலி, செலவு. கடைசிக் கட்டம் பாக்கி.

பாக்கின்னா தறியில சேரும்போது வாங்கின அட்வான்ஸ். குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, எங்க போனாலும் தறிக்காரங்க பாஷையில அதுதான் பேர். வட்டி கிடையாது. வாரக் கூலியிலிருந்து பிடிக்கிறதும் அபூர்வம். சின்ன வயசுல எனக்கு அது பெருந்தன்மையாத் தெரிஞ்சுது. பிடிச்சா தீர்ந்துடும், தீர்ந்தா போயிடுவாங்கன்னு புரிய இருபது வருஷம் ஆச்சு. ஒருத்தர் வேற தறிக்குப் போகணும்னா, அந்த முதலாளி வந்து பாக்கியை அப்பாகிட்ட கட்டிட்டுக் கூட்டிட்டுப் போவார். துண்டு, சீட்டு மட்டும் இல்லை.

கியர்ட் டி நீவ்னு ஒரு மானுடவியலாளர் 1990கள்ல குமாரபாளையத்துல இதையே ஆய்வு பண்ணி, 1999-ல கட்டுரை எழுதியிருக்கார். "பாக்கி"ங்கிற சொல் கட்டுரைத் தலைப்புலயே இருக்கு. அவர் சொல்ற ஒரு விஷயம் எனக்குச் சங்கடமா இருந்துச்சு, ஏன்னா அது ரெண்டு பக்கமும் வெட்டுது. பாக்கி முதலாளி மாட்டின விலங்கு மட்டும் இல்லை. ஆள் தட்டுப்பாடு இருக்கும்போது தொழிலாளியே அதைக் கேட்டு வாங்கறார். பெரிய தொகை கையில வர்ற ஒரே வழி அவருக்கு அதுதான். வாங்கிட்டு வேற ஊருக்குப் போயிடறதும் உண்டு. முதலாளிக்குப் போன பணம் போனதுதான். ஆக இது பழைய பண்ணயம் இல்லை. பரம்பரை இல்லை, சாதி ஒண்ணே முடிவு பண்றதும் இல்லை.

அப்ப இது கொத்தடிமை இல்லையா? இங்கதான் சட்டத்தை மறுபடி படிக்கணும். கொத்துன்னா குலை, கூட்டம். குடும்பம் மொத்தமும் மாட்டிக்கிறதால கொத்தடிமை. இந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குச் சங்கிலி, சாட்டை, செங்கல் சூளை ஞாபகம் வரும். சட்டம் அதையெல்லாம் கேட்கலை. முன்பணத்துக்காகவோ வழக்கத்துக்காகவோ பிறந்த சாதிக்காகவோ ஒருத்தர் இந்த நாலுல எதை இழந்தாலும் போதும்ங்குது: சரியான கூலி, அல்லது வேற வேலைக்குப் போற சுதந்திரம், அல்லது நாட்டுல எங்கயும் போய்வர்ற உரிமை, அல்லது தன் உழைப்பையும் பொருளையும் சந்தை விலைக்கு விக்கிற உரிமை. நாலுக்கும் நடுவுல இருக்கிறது "அல்லது". "மற்றும்" இல்லை. கோடு எழுதறவங்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு தெரியும். அந்த 30 பேர்ப் பட்டியல் வெறும் உதாரணம். உண்மையான ஃபங்ஷன் இதுதான். நாம பட்டியலை மட்டும் பார்த்துட்டு, படியாள் இல்லை, பண்ணையாள் இல்லை, அப்ப ஒண்ணும் இல்லைன்னு டெஸ்ட் பாஸ் பண்ணிடறோம்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லைங்கிறதுக்கு ஒரு கணக்கு. உச்ச நீதிமன்றம் நியமிச்ச குழு ஒண்ணு 1995-ல அறிக்கை கொடுத்துச்சு. தமிழ்நாட்டுல 10 லட்சத்துக்கும் மேல கொத்தடிமைகள். விவசாயம் மட்டும் இல்லை, இன்னும் பல தொழில்கள்ல. பெரும்பாலானவங்க தலித், பழங்குடி மக்கள். அடுத்த வருஷமே மாநில அரசு கணக்கெடுத்துச்சு. கிடைச்சது சுமார் 25,000 பேர். ஒரே மாநிலம், ஒரு வருஷ இடைவெளி. மீதிப் பேர் எங்கயும் போகலை. எதைக் கொத்தடிமைன்னு எண்ணறதுங்கிறதுல போயிட்டாங்க.

அந்த எண்ணிக்கைக்குள்ள வர்றதும் வராததும் ஒருத்தர் வாழ்க்கையை மாத்தும். கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்தா, அந்தக் கடன் சட்டப்படி செத்துப்போச்சு. மறுவாழ்வுப் பணம் கேட்கலாம். அது கொத்தடிமைக் கடன் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர் பொறுப்பு. சான்றிதழ் இல்லைன்னா அதே ஆள் "அட்வான்ஸ் வாங்கிட்டு ஏமாத்தினவன்".

நல்ல பேர் வெச்சா இன்னும் கஷ்டம். மில்லுல பொண்ணுங்களை மூணு வருஷம் உள்ளயே வெச்சு, கடைசியில மொத்தமா ஒரு தொகைன்னு சொன்னதுக்குப் பேர் சுமங்கலித் திட்டம். மங்களகரமான பேர். நாமக்கல்ல இன்னைக்குப் "பண்ணை"ன்னா கோழிப்பண்ணை. முட்டைக்கு நாடே நம்மளை நம்பி இருக்கு. அங்க தங்கி வேலை செய்யற குடும்பங்களைப் பண்ணையாள்னு யாரும் சொல்றதில்லை. லேபர்ங்கறோம். எல்லாப் பண்ணையிலயும் கட்டாய உழைப்புன்னு நான் சொல்ல வரலை. எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கிறதுதான் கேள்வி.

எனக்குக் கண்டுபிடிச்சுக் கொடுத்தது அந்த நோட்டு. போன பொங்கலுக்கு வீட்டுல பரண் சுத்தம் பண்ணும்போது கிடைச்சுது. என் கையெழுத்துதான். சில பேர் மேல குறுக்குக் கோடு போட்டு, பக்கத்துல ஒரு வார்த்தை எழுதியிருக்கேன். அப்பா சொல்லச் சொல்ல எழுதினது. "ஓடிட்டான்."

நான் ரெண்டு கம்பெனி மாறியிருக்கேன். முதல் கம்பெனி என் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையே வாங்கி வெச்சிருந்துச்சு. பேர் வேண்டாம். அங்கிருந்து வந்தப்பகூட எல்லாரும் "பேப்பர் போட்டுட்டான்"னுதான் சொன்னாங்க. பாண்ட் காசு மூணு மாசச் சம்பளம், கட்டிட்டு வந்தேன். அதனாலதான் என் ஃப்ரெண்டோட "கொத்தடிமை" ஜோக்குக்கு இப்பச் சிரிப்பு வரலை. வாத்தியார் வேலையிலிருந்து நின்னா "விட்டுட்டார்". கடைப் பையன் போனா "நின்னுட்டான்". தறியில, சூளையில, ரிக் வண்டியில மட்டும் "ஓடிட்டான்".

நோட்டை அப்பாகிட்ட காட்டினேன். தறியை வித்து ஏழு வருஷம் ஆச்சு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு பேரா படிச்சார். ஒவ்வொருத்தர் குடும்பமும் அவருக்கு ஞாபகம் இருந்துச்சு. யாரோட பொண்ணு எங்க கட்டிக் கொடுத்திருக்குன்னு வரைக்கும்.

"நாம யாரையும் கட்டி வெக்கலியே கண்ணு"ன்னார்.

"இல்லீங்கப்பா. ஆனா ஓடிட்டான்னு எழுதச் சொன்னீங்களே"ன்னேன்.

"எல்லாரும் அப்படித்தான சொல்லுவாங்க"ன்னுட்டு, கோடு போட்ட ஒரு பேர்ல விரலை வெச்சார். "இவன் ஓடலை. அவங்க அம்மாவுக்கு முடியலைன்னு ஊருக்குப் போனான். ஆறு மாசம் கழிச்சு வந்து பாதிப் பணம் கொடுத்தான். அதை நீ எழுதலை."

நான் எழுதலை. அப்ப எனக்குப் பப்ளிக் எக்ஸாம். மீதிப் பாதியை அப்பா கேட்டாரா, விட்டாரான்னு கேட்டேன். கண்ணாடியைக் கழட்டி நோட்டு மேலயே வெச்சுட்டு, "அவன் நம்பர் இருக்கான்னு பாரு"ன்னு போனை என்கிட்ட கொடுத்தார்.

உங்க ஊர்ல இதுக்கெல்லாம் வேற என்ன சொல் இருக்குன்னு குரல் பதிவா அனுப்புங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்க குரல்லயே அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.